தாழ்மையாக இருக்கச் சொன்னால் கேள்வி கேட்கக் கூடாதா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். கேள்வி நீளமானது, சாரத்தை மட்டும் சொல்கிறேன். அவருடைய அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. நாலு வசனம் சேர்ந்தாற்போலச் சொல்ல வராது. எதற்கும் “சாமி பாத்துக்கும்” என்பதோடு சரி. அதைப் பெரிய விசுவாசம் என்று சபையே புகழ்கிறது. தம்பிக்கோ வேதத்தைப் படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் கூடுகிறதாம். அப்படியானால் தனக்கு விசுவாசமே இல்லையா என்று கேட்கிறார். அடுத்தது, சபைக் கமிட்டித் தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுப் பிடிக்கிறவர்களே மேடையேறி சீஷத்துவம், அதாவது இயேசுவின் பின்னே நடப்பது, பற்றிப் பேசுகிறார்களே, அது எப்படிப் பொருந்தும்? கடைசியாக, கட்டட நிதிக் கணக்கை ஒரு கூட்டத்தில் கேட்டாராம். “தம்பி, விசுவாசிக்குத் தாழ்மை வேணும்” என்று உட்கார வைத்துவிட்டார்கள். சுவிசேஷம் சொல்கிற தாழ்மை இதுதானா? இத்தனையும் கேட்டுவிட்டு, அடுத்த தேர்தலில் தானே நிற்கலாமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

கணக்கு விஷயம்தான் அவரை எழுத வைத்திருக்கிறது என்று தெரிகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தம்பி, இயேசு “தாழ்த்திக்கொள்” என்று யாரிடம் சொன்னார் என்பதை மட்டும் சுவிசேஷங்களில் தேடிப் பாருங்கள். மாற்கு 9-ல், நம்மில் யார் பெரியவன் என்று வழியெல்லாம் தர்க்கம் பண்ணிக்கொண்டு வந்த சீஷர்களிடம் சொல்கிறார். லூக்கா 14-ல், பரிசேயர் தலைவர் ஒருவருடைய வீட்டு விருந்தில் முதன்மையான இடமாகப் பார்த்து உட்கார்ந்தவர்களிடம். லூக்கா 18-ல், தங்களை நீதிமான்கள் என்று நம்பி மற்றவர்களை அற்பமாக எண்ணியவர்களிடம். மத்தேயு 23-ல், சந்தைவெளியில் வணக்கமும் ஜெப ஆலயத்தில் முன்வரிசை ஆசனமும் தேடிய வேதபாரகரைச் சுட்டிக்காட்டிச் சொல்கிறார். குஷ்டரோகியிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டு காசு போட்ட விதவையிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்டவள் கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்டபோது, “உனக்கு இவ்வளவு துணிச்சலா” என்று கேட்கவில்லை. “மகளே” என்று கூப்பிட்டு, அவளுடைய விசுவாசம் அவளை இரட்சித்தது என்றார்.

ஏற்கெனவே கீழே கிடப்பவனிடம் இன்னும் கொஞ்சம் குனி என்று அவர் சொன்னதாக எனக்கு ஓர் இடம் தெரியாது. மேலே ஏறி உட்கார்ந்தவனைத்தான் இறங்கி வரச் சொல்கிறார். நிதியைக் கையில் வைத்திருப்பவர், கணக்குக் கேட்பவருக்குத் தாழ்மையைப் போதிப்பது, வசனத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பது.

லூக்கா 14-ஐ நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. நோம்பியில், அதாவது ஊர்த் திருவிழாவில், முதல் மரியாதை யாருக்கு என்று ஊர் இரண்டுபட்ட கதை கொங்கு நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் காதில் விழும். சபைக்குள் வந்ததும் அது போய்விடவில்லை. முதல் பெஞ்சு, மேடையில் நாற்காலி, கல்வெட்டில் பெயர் எத்தனையாவது வரி என்று வேறு உருவம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பந்தியில் கடைசி இடத்தில் போய் உட்கார் என்று இயேசு சொன்னதையே தந்திரமாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. பின்னால் போய் உட்கார்ந்தால் எப்படியும் பத்துப் பேர் பார்க்க முன்னால் கூட்டிப் போவார்கள் என்று கணக்குப் போடுகிற தாழ்மை. இப்படி ஆகும் என்று தெரிந்துதானோ என்னவோ, அவர் உடனே விருந்து வைத்தவர் பக்கம் திரும்புகிறார். உறவுக்காரரையும் வசதியான அண்டை வீட்டாரையும் கூப்பிடாதே, ஏழையை, ஊனரை, குருடரைக் கூப்பிடு, உனக்குத் திருப்பிச் செய்ய அவர்களிடம் ஒன்றும் இல்லை என்கிறார். மொய் நோட்டே போடாத விருந்து. அந்த இடத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அபூர்வம்.

சரி, சீஷத்துவத்துக்கு வருவோம். இதற்கு மாற்கு 8:22 முதல் 10:52 வரை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். அரை மணி நேரம் கூட ஆகாது. நாம் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பத்து வசனமாக வெட்டிக் கேட்பதால் அதன் அமைப்பு கண்ணில் படுவதில்லை. முதலில் பெத்சாயிதாவில் ஒரு குருடன் பார்வை பெறுகிறான். முடிவில் எரிகோவில் பர்திமேயு பார்வை பெறுகிறான். நடுவில் இயேசு மூன்று தடவை தான் பாடுபட்டுச் சாகப்போவதைச் சொல்கிறார். மூன்று தடவையும் சீஷர்கள் அதைக் கோட்டைவிடுகிறார்கள். கண் தெரியாதவர்கள் இரண்டு ஓரத்தில், கண் தெரிந்தும் பார்க்காதவர்கள் நடுவில். மாற்கு வேண்டுமென்றே இப்படி அடுக்கியிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெத்சாயிதா குருடனுக்கு ஒரே தடவையில் சரியாகவில்லை. முதல் தடவை கை வைத்ததும் மனுஷர் நடக்கிற மரங்களைப் போலத் தெரிகிறார்கள். மறுபடி கை வைத்த பிறகுதான் தெளிகிறது. சுவிசேஷங்களில் இப்படி இரண்டு படியாக நடந்த சுகம் இது ஒன்றுதான். அடுத்த காட்சியில் பேதுரு “நீர் கிறிஸ்து” என்கிறார். சரியான பதில். ஆனால் அந்தக் கிறிஸ்து பாடுபட வேண்டும் என்றதும், குருவைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறார். அவருக்கும் மரம் நடக்கிற மாதிரிதான் தெரிகிறது. “என் பின்னே வர விரும்புகிறவன் தன்னைத் தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு” என்ற வார்த்தை அந்தச் சந்தர்ப்பத்தில்தான் வருகிறது. லூக்கா அதில் “அனுதினமும்” என்று ஒன்றைச் சேர்க்கிறார்.

இரண்டாவது தடவைதான் உங்களுக்கு முக்கியம். இயேசு தன் மரணத்தைச் சொல்கிறார். அவர்களுக்கு விளங்கவில்லை. மாற்கு 9:32 சொல்கிறது: அவரிடத்தில் கேட்கவும் பயந்தார்கள். அடுத்து கப்பர்நகூமில் வீட்டுக்கு வந்ததும், வழியில் என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யார் பெரியவன் என்றுதான் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கேள்வி கேட்கப் பயந்த அதே ஆட்கள்தான் பதவிக்குச் சண்டை போட்டவர்கள். பயந்து அடங்கியிருப்பதும் தாழ்மையும் ஒன்று என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு காட்சியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் கேட்டிருந்தால் திட்டு விழுந்திருக்கலாம், விளங்கியுமிருக்கும். கேட்காததால் அந்த இடத்தில் பதவி ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் ஒரு சிறு பிள்ளையை நடுவில் நிறுத்துகிறார். பிள்ளை என்றதும் நமக்குக் கள்ளங்கபடம் இல்லாத மனசு ஞாபகம் வரும். அந்தக் காலத்து வீட்டில் பிள்ளை என்றால் சொல்லுக்கு மதிப்பில்லாத ஆள், யாருக்கும் பிரதியுபகாரம் செய்ய முடியாத ஆள். மாற்குவில் இயேசு, பிள்ளையைப் போல ஆகு என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்கிறவன் என்னை ஏற்றுக்கொள்கிறான் என்கிறார். ஆக, ஒருவர் எவ்வளவு தாழ்மையானவர் என்பதை அவர் ஜெபத்தில் தன்னைப் புழு என்றும் தூசி என்றும் சொல்லிக்கொள்வதை வைத்து அளக்க முடியாது. சபையில் சொல்லுக்கு மதிப்பில்லாத ஆள் வந்தால் நகர்ந்து இடம் கொடுக்கிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது தடவை யாக்கோபும் யோவானும் வருகிறார்கள், ஒருவருக்கு வலது பக்கம், ஒருவருக்கு இடது பக்கம் நாற்காலி வேண்டும் என்று. மத்தேயுவில் அவர்களுடைய அம்மாவே வந்து கேட்கிறார். கமிட்டித் தேர்தல் உங்கள் சபை கண்டுபிடித்தது இல்லை, தம்பி. மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்ததாம். தாழ்மைக்குக் குறைவு வந்ததே என்ற கோபமாக எனக்குத் தெரியவில்லை. நாம் கேட்பதற்குள் இவர்கள் முந்திக்கொண்டார்களே என்ற கோபம்தான். லூக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறார். கடைசி இராப்போஜனத்தில், அப்பமும் பாத்திரமும் கொடுத்த பிறகு, அதே பந்தியில் அந்தத் தர்க்கம் மறுபடி நடந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். இதை ஒளிக்காமல் எழுதினார்களே என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். சபைத் தலைவர்களாகிவிட்டவர்களின் மானத்தைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், முதலில் அடித்திருக்க வேண்டியது இந்தப் பகுதிகளைத்தான்.

பிறகு எரிகோ. வழியோரத்தில் பர்திமேயு பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறான். “தாவீதின் குமாரனே” என்று கத்துகிறான். பேசாதிரு என்று அநேகர் அதட்டுகிறார்கள். அதட்டினவர்கள் இயேசுவோடு நடந்து வந்த கூட்டம்தான், எதிரிகள் இல்லை. அவன் இன்னும் சத்தமாகக் கத்துகிறான். இயேசு நின்று, அவனைக் கூப்பிட்டு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். சற்று முன்னால் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்ட அதே கேள்வி. அவர்கள் நாற்காலி கேட்டார்கள். இவன் பார்வை கேட்டான். பார்வை கிடைத்ததும் அவன் வீட்டுக்குப் போகவில்லை, வழியில் அவருக்குப் பின் சென்றான். அந்த வழி எருசலேமுக்குப் போகிறது, சிலுவைக்கு. மூன்று அதிகாரமாகச் சீஷர்களுக்குப் பிடிபடாத சீஷத்துவத்தை, வாயை மூடு என்றபோது மூடாத பிச்சைக்காரன் செய்து காட்டிவிட்டான்.

இனி விசுவாசம். மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இரண்டு பேருடைய விசுவாசத்தைத்தான் பெரியது என்று சொல்கிறார். ஒருவர் கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி, நூறு வீரருக்குத் தலைவரான படை அதிகாரி. இன்னொருவர் கானானியப் பெண். இரண்டு பேரும் யூதர் இல்லை. வேதம், ஆலயம், வம்சம் என்று உரிமை கொண்டாட அவர்களிடம் ஒன்றுமில்லை. “அற்பவிசுவாசிகளே” என்ற வார்த்தையோ பெரும்பாலும் சீஷர்கள் தலையில்தான் விழுகிறது. புயலில் ஒரு தடவை, தண்ணீரில் மூழ்கும் பேதுருவுக்கு ஒரு தடவை, அப்பம் கொண்டுவர மறந்துபோய் விசாரப்பட்டபோது ஒரு தடவை.

நூற்றுக்கு அதிபதியின் கதையை லூக்கா 7-ல் படித்தால் ஒரு நயம் தெரியும். யூத மூப்பர்கள் அவருக்காகச் சிபாரிசுக்கு வருகிறார்கள். இவர் தகுதியானவர், நமக்கு ஜெப ஆலயம் கட்டிக்கொடுத்தவர் என்கிறார்கள். நன்கொடையாளர் என்ற தகுதி. அவரோ, என் வீட்டுக்குள் நீர் வர நான் தகுதியுள்ளவன் அல்ல, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்புகிறார். மற்றவர்கள் அவருக்காகக் காட்டின கல்வெட்டை அவரே எடுத்துக் கீழே வைத்துவிடுகிறார். ஆனால் கேட்க வந்ததைக் கேட்காமல் விடவில்லை.

கானானியப் பெண்ணின் கதை சங்கடமானது, அதை மழுப்பிச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. மகளுக்காகக் கெஞ்சுகிறாள். இயேசு முதலில் பதிலே சொல்லவில்லை. சீஷர்கள் அவளை அனுப்பிவிடும் என்கிறார்கள். பிறகு, பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்ற வார்த்தை. பல விளக்கங்கள் உண்டு, ஒன்றும் அந்த வார்த்தையின் முள்ளை முழுசாக எடுத்துவிடவில்லை. ஆனால் அவள் என்ன செய்தாள் என்று பாருங்கள். மெய்தான் ஆண்டவரே என்று ஒத்துக்கொண்டு, ஆகிலும் நாய்க்குட்டிகளும் எஜமானின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே என்று அவருடைய வாக்கியத்தையே எடுத்து வாதாடுகிறாள். சுவிசேஷங்களில் இயேசுவிடம் வாதாடி ஜெயித்தவர் என்று யாரையாவது சொல்லலாம் என்றால் இவளைத்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் வரவில்லை. “ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது” என்றார்.

இந்த இரண்டு பேருடைய வார்த்தைகளும் நம் நற்கருணைக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கோவை பெரிய கடைவீதி மிக்கேல் பேராலயத்தில் திருப்பலிக்குப் போனால், நற்கருணை வாங்குவதற்கு முன் எல்லோரும் சொல்வது நூற்றுக்கு அதிபதியின் வார்த்தை. உங்கள் சி.எஸ்.ஐ. ஆராதனை முறையில், உமது மேஜையின் கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் பாத்திரர் அல்ல என்கிற தொனியில் வரும் ஜெபம் ஆங்கிலிக்கன் வழியாக வந்தது, அதன் மூலம் கானானியப் பெண். திருவிருந்துக்குப் போகும்போது பேதுருவின் வார்த்தையைச் சொல்லவில்லை நாம். வெளியே நின்று கேட்ட இரண்டு பேருடைய வார்த்தையை இரவல் வாங்கிச் சொல்கிறோம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவிசேஷங்களில் தாழ்மையான விசுவாசம் என்றால் உரிமை கொண்டாடாமல் கேட்பது. உரிமை கொண்டாடாமல் என்பது ஒரு பாதி, கேட்பது மறுபாதி. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அடிமைத்தனமாகிவிடும். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் யாக்கோபும் யோவானும்தான்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கும் அம்மாயிக்கும். மாற்கு 9-லேயே, பிள்ளைக்கு வலிப்பு என்று கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு சொல்கிறான். அரைகுறை விசுவாசம் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். முதலில் விசுவாசத்தை முழுசாக்கிக்கொண்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானது. விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் நோய் தீரவில்லை என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இந்தத் தகப்பனை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

லூக்கா 17-ல் அப்போஸ்தலர்கள் எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணும் என்று கேட்டபோது, கடுகு விதை அளவு இருந்தால் போதும் என்றுதான் பதில் வந்தது. அதோடு நிறுத்தவில்லை. வயலில் உழுதுவிட்டு வந்த வேலைக்காரனைப் பற்றி ஓர் உவமை சொல்கிறார். உழுதுவிட்டு வந்தவன், எஜமான் சாப்பிடும்வரை பரிமாறிவிட்டுத்தான் தான் சாப்பிடுவான். அதுபோல எல்லாம் செய்த பிறகும், நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர், கடமையைத்தான் செய்தோம் என்று சொல்லுங்கள் என்கிறார். இதை நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடிகள் கேட்பது ஒரு விதம், பண்ணையத்து ஆட்கள் கேட்பது இன்னொரு விதம். தலைமுறை தலைமுறையாகக் களத்தில் வேலை பார்த்துவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று சோறு வாங்கினவர்களின் பிள்ளைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இதை மட்டும் படித்து முடித்துவிடுவது அநியாயம். லூக்கா 12:37-ஐச் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே எஜமான் வந்து, தன் அரையைக் கட்டிக்கொண்டு, வேலைக்காரரைப் பந்தியில் உட்கார வைத்து, அவரே பரிமாறுகிறார். ஊழியக்காரன் தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது ஒரு உவமை. எஜமான் போடும் கணக்கே வேறு என்கிறது இன்னொன்று.

அதனால் அம்மாயியின் “சாமி பாத்துக்கும்” உண்மையான விசுவாசம்தான். அதைப் பார்த்து உங்களுடையது பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைப் போல ஆக வேண்டும் என்று படிப்பை நிறுத்திவிடவும் வேண்டாம். முடிந்தால் அவரிடமே உட்கார்ந்து எப்போதாவது சந்தேகம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் எளிமையாகப் பேசுவார்கள். அந்த எளிமைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை.

சீஷத்துவத்தின் விலையைப் பற்றிக் கொஞ்சம். “நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன், என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்” என்ற மத்தேயு 11:29-ஐ எடுத்தால், நம் பக்கத்துப் பிரசங்கிகளுக்குக் காங்கேயம் காளை வராமல் இருக்காது. பழகின காளையோடு புதுக் காளையைப் பூட்டி ஏர் பழக்குவதுபோல இயேசு நம்மோடு நுகத்தின் மறுபக்கம் நிற்கிறார் என்பார்கள். வசனத்தில் அப்படி நேராக இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளுங்கள் என்று இருப்பதால், கூடவே நடந்து பழகுவது என்ற கருத்து பிசகில்லை. தாழ்மையைப் பாடமாகப் படித்துக் கற்க முடியாது, தாழ்மையான ஒருவரோடு வேலை செய்துதான் வரும் என்று நானும் நினைக்கிறேன்.

நம் ஊர்ப்பக்கத்தில் அப்படி நடந்தவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் மெல்கியோர் தே மரியோன் பிரெசில்லாக் 1846-ல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றார். உள்ளூர்க் குருக்களை உருவாக்கி அவர்கள் கையில் திருச்சபையைக் கொடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற விவாதத்தில் மனச்சாட்சி ஒத்துக்கொள்ளாமல், 1855-ல் பதவியை விட்டு விலகினார். அடுத்த வருஷம் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி, தானே சியரா லியோனுக்குப் போய், 1859 ஜூனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். ஆயர் பட்டத்தோடு கோவையில் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

கொல்லிமலையில் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி ஈவ்லின், ஓய்வு வயது தாண்டிய பிறகு மிஷன் சங்கம் அனுப்ப மறுத்தும், தன் பொறுப்பில் மலைக்குத் திரும்பிப்போய், மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். 1974-ல் 95 வயதில் இறக்கும்வரை இந்தப் பக்கம்தான். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் மகன், தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், சொல்லியிருக்கிறார்.

வெள்ளைக்காரர்களையே உதாரணம் காட்டுகிறேன் என்று யாராவது குறை சொன்னால் அது நியாயமான குறை. அவர்களுக்குக் கடிதம், அறிக்கை, வாழ்க்கை வரலாறு எல்லாம் இருக்கிறது. அவர்களோடு கிராமம் கிராமமாக நடந்து பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த பைபிள் உமன் அம்மாக்களுக்குப் பதிவேட்டில் முழுப்பெயர் கூட இருக்காது. லூக்கா 8-ல் மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள் என்று மூன்று பெயராவது எழுதினார். இயேசுவைச் சிலுவையில் அறைந்தபோது ஆண் சீஷர்கள் பெரும்பாலோர் ஓடிப்போக, தூரத்திலாவது நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவிலிருந்து கூடவே வந்து ஊழியம் செய்த பெண்கள் என்று மாற்கும் சொல்லியிருக்கிறார். யார் பெரியவன் என்ற தர்க்கத்தில் அவர்கள் கலந்துகொண்டதாக எங்கும் இல்லை.

இனி உங்கள் கணக்கு. “பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால்” என்று தாழ்மையைப் போதிக்கிற மத்தேயு 18-ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாம் வசனத்தில், உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் எடுத்துச் சொல் என்கிறது. கேட்காவிட்டால் ஒன்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். தாழ்மையும் தட்டிக்கேட்பதும் ஒரே அதிகாரத்தில், ஒரே மூச்சில். தட்டிக்கேட்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அவ்வளவுதான். அது எதிராளியின் மானத்தைக் காக்கிற வரிசை.

ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்றாரே என்று உங்களிடம் சொல்வார்கள். யோவான் 18-ஐக் காட்டுங்கள். பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் அதை நிரூபி, தகுதியாய்ப் பேசினேனானால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். திருப்பி அடிக்கவில்லை. கேட்காமலும் விடவில்லை. அதே இரவில் சற்று முன்னால் சீஷர்களின் காலைக் கழுவின அதே மனிதர்தான் இவர்.

எனவே பொருளாளரை அவர் வீட்டில் தனியாகப் போய்ப் பாருங்கள். “அண்ணா, வரவு செலவை ஒரு தடவை பாத்துக்கட்டுங்களா” என்று கேளுங்கள். கணக்கு எழுதுகிற ஆள் நீங்கள், எழுத ஆளில்லாமல்தான் நிற்கிறது என்றால் உதவியும் செய்யலாம். பாதிப் பிரச்சினை திருட்டு இல்லை, சோம்பல்தான். அதற்கும் மழுப்பினால் சபையில் மதிப்புள்ள பெரியவர்கள் இரண்டு பேரோடு போங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது கடைசி, அதுவும் வேண்டாம் என்பேன்.

தேர்தலில் நிற்கலாமா என்றால், நில்லுங்கள். நல்லவர்கள் தாழ்மை என்று ஒதுங்கிக்கொள்வதால்தான் பாதிச் சபைகள் இந்த நிலைமையில் இருக்கின்றன. சாதிக்காரர் ஓட்டை மட்டும் நம்பி நிற்காதீர்கள், சாதி பார்த்து ஓட்டும் கேட்காதீர்கள். அதனால் தோற்றுப்போகவும் வாய்ப்பு உண்டு. தோற்றாலும் ஓய்வுநாள் பள்ளியிலோ கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வதிலோ இப்போது பார்க்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். ஜெயித்தால் முதல் மாதமே வரவு செலவை எழுதி ஆலய வாசல் பலகையில் ஒட்டுங்கள். அப்போதும் யாராவது ஒருவர் பில்லைக் காட்டச் சொல்லி வருவார், அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக்கொடுத்து, காட்டுங்கள்.